களஞ்சியத்து மூலையில் ஒரு ஃபோக்லிஃப்ட்

இந்தக் காலத்து ஆட்களிடம் எதைக் கேட்டாலும் தெரியும் என்றுதான் சொல்கிறார்கள். கிழிந்த வலை பொத்தத் தெரியுமா, தெரியும். கொம்பியூட்டர் தெரியுமா, அதுவும் தெரியும். தெரியாது என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வருவதில்லை. மீள்குடியேறி வந்த நாளிலிருந்து யோசேப் இதைச் சொல்லித்தான் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் திட்ட அலுவலர் சீவரத்தினம் வந்து கேட்டார்.

"ஐயா, உங்களுக்கு ஃபோக்லிஃப்ட் ஓட்டத் தெரியுமோ?"

"தெரியும்," என்றார் யோசேப்.

சொன்ன பிறகுதான் அது என்னவென்று திரும்பிப் பார்த்தார். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று மீனவர் சங்கத்துக்குக் கட்டிக்கொடுத்த புதுக் களஞ்சியத்தின் மூலையில், மஞ்சள் நிறத்தில் நின்றது. முன்னால் இரண்டு இரும்பு நாக்குகள். அவற்றைப் பாரத்துக்கு அடியில் கொடுத்து அப்படியே தூக்குமாம்.

பொய்க்குக் காரணம் இருந்தது. இடப்பெயர்வில் படகு போனது. முகாமில் வழுக்கி விழுந்து தோள்மூட்டும் போனது. இனி வலை இழுக்க ஏலாது. "கதிரையில இருந்து செய்யிற வேலை ஊரில உது ஒண்டுதான். விட்டிட்டு வந்தியள் எண்டால் வீட்டுப் பக்கம் வராதேங்கோ," என்று மனைவி பெற்றிசியா காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"முந்தி எங்க ஓட்டினனீங்கள்?"

"தலைமன்னாரில, கப்பல் பாலத்தடியில."

"நல்லதாப் போச்சு. வெள்ளிக்கிழமை திறப்பு விழா, வெள்ளைக்காரர் வருகினம். அவைக்கு முன்னால நீங்கள் ஏறி இருக்கவேணும். வேலை உங்களுக்குத்தான்."

மூன்று நாள்தான் இருந்தது. கொம்பியூட்டரில் பார்த்து ஓட்டப் பழகலாம் என்று யோசேப் மன்னாருக்கு பஸ் ஏறினார். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய தங்கையின் மகள் றஞ்சிதா கொம்பியூட்டர் கடை வைத்திருந்தாள்.

"ஃபோக்லிஃப்டோ? இந்த விளையாட்டுக்குள்ள நிறைய நிக்குது மாமா," என்று அவள் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். பெரிய பெரிய களஞ்சியங்களுக்குள் துவக்கோடு புகுந்து, எதிரே வருகிறவனையெல்லாம் சுடுகிற பழைய விளையாட்டு.

யோசேப் காதைப் பொத்தினார். "உந்தச் சத்தத்தைக் கேக்கவோ சனம் காசு குடுத்து வருகுது?"

"வரிசையில நிண்டு வருகினம். அந்தா பாருங்கோ, மூலையில!"

மஞ்சள் வண்டி நின்றது. யோசேப் பெட்டிகளைச் சுற்றி மெல்ல அதன் கிட்டப் போனார். எவனோ சுட்டான். செத்தார். திரும்பவும் போனார். திரும்பவும் செத்தார்.

"ஏறிறது எப்பிடி பிள்ளை?"

"ஏற ஏலாது மாமா. அது சும்மா நிக்கிறது."

"சும்மா நிக்கிறதை ஆர் அங்க கொண்டுபோய் விட்டவன்?"

"களஞ்சியம் எண்டு தெரியவேணுமெல்லோ. ஒரு வடிவுக்கு."

"வண்டியின்ர திறப்பு எங்க? ட்ரைவர் எங்க?"

"ஐயோ மாமா, பின்னால!"

செத்தார்.

வடிவுக்கு வாகனம் நிற்பாட்டுகிறவன் உலகத்தில் இருப்பான் என்பதை யோசேப் நம்பவில்லை. இவளுக்கு ஏறத் தெரியாது, மறைக்கிறாள் என்று நினைத்தார். மாலைவரை பதினாறு தரம் செத்து ஒரேயொரு விஷயத்தைப் படித்தார். வண்டிக்குப் பின்னால் குந்தியிருந்தால் துவக்குச் சூடு படாது.

வெள்ளிக்கிழமை வந்தது. நாடா, மாலை, 'வாழ்வாதார மேம்பாடு' என்று எழுதிய பெரிய துணி. யோசேப் வெள்ளைச் சேர்ட்டோடு வண்டியில் ஏறி இருந்தார். இருக்கை நல்ல சுகமாக இருந்தது. திறப்பைச் சாவித்துளையில் போட்டுத் திருகினார். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தரம் திருகினார்.

சீவரத்தினம் ஓடி வந்தார். "ஓட்ட வேண்டாம் ஐயா! சும்மா இருங்கோ, காணும்."

யோசேப்புக்குச் சந்தேகம் பிடித்தது. ஓட்டாத ஆளுக்கு ஆர் வேலை கொடுப்பான்? வேறு யாருக்கோ கொடுக்கப் பார்க்கிறார்கள்.

"பற்றறி இறங்கிப்போச்சு," என்று சபைக்குக் கேட்கச் சொன்னார். "தள்ளினால் பிடிக்கும். பெடியள், வாங்கோடா!"

சங்கத்து ஆட்கள் ஒன்பது பேர் தோள் கொடுத்தார்கள். எல்லோரும் படகு தள்ளிப் பழகினவர்கள். படகு மணலில் தட்டி நிற்கும்வரை தள்ளுவதுதான் அவர்களுக்குத் தெரியும். களஞ்சியத்தில் மணல் இல்லை. வழுவழுவென்ற புதுச் சீமெந்துத் தரை.

வண்டி போனது. மிதிக்கக்கூடிய எல்லாவற்றையும் யோசேப் மிதித்தார். இரும்பு நாக்குகள் வாழ்வாதார மேம்பாட்டைக் கிழித்துக்கொண்டு, பிரதம விருந்தினரின் கதிரையைக் குத்திச் சுவரில் அறைந்தன. வெள்ளைக்கார அம்மா கதிரையில் இருந்து அப்போதுதான் எழும்பியிருந்தார். படம் எடுக்கிறவனின் கமெரா பளிச் பளிச்சென்று மின்னியது. யோசேப் குதித்து இறங்கி, விளையாட்டில் படித்தபடியே வண்டிக்குப் பின்னால் குந்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து எழும்பி வந்தார்.

"எனக்கு உது ஓட்டத் தெரியாது. நான் சொன்னது பொய்."

சீவரத்தினம் திட்டவில்லை. "அதுக்கென்ன, படம் வடிவா வந்திட்டுது," என்று சொல்லி, விருந்தினரைச் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்க முதலே ஒரு லொறி வந்தது. சாரதி ஏரம்பு பலகை போட்டு, அதே ஒன்பது பேரையும் பிடித்து வண்டியை மேலே தள்ளுவித்தார்.

"திருத்தவோ கொண்டு போறீர்?" என்று யோசேப் கேட்டார்.

"இல்லையண்ணை. நாளைக்கு வெள்ளாங்குளத்தில திறப்பு விழா."

"அப்ப என்ர வேலை?"

ஏரம்பு வண்டியின் பின்மூடியைத் தூக்கிக் காட்டினார். உள்ளே ஒரு சாக்கும் கொஞ்சக் கயிறும் கிடந்தன.

"இதுக்குள்ள எஞ்சினே இல்லையண்ணை. இதோட ஐஞ்சு ஊர். மற்ற நாலிலயும் ஓட்டத் தெரியுமெண்டு ஒவ்வொருத்தர் ஏறி இருந்தவை, நாலு பேரும் பற்றறி இறங்கிப்போச்செண்டுதான் இண்டைக்கும் சொல்லிக்கொண்டு திரியினம். தெரியாதெண்டு சொன்னது நீங்கள் ஒராள்தான். ஏறுங்கோ, சந்தியில இறக்கிவிடுறன்."

யோசேப் லொறியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். அதன் முன்மூடியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருக்கோ?"

பதிலுக்கு நிற்காமல் நடக்கத் தொடங்கினார். பின்னால் லொறி உறுமியது. அதையும் அவர் நம்பவில்லை.