மோகனன் போட்ட பூட்டு

"பொருத்தம் ஒண்ணுகூட இல்ல. கம்ப்யூட்டரே சொல்லியாச்சு" என்று காகிதத்தை நீட்டினார் பிரசீதாவின் அப்பா விஜயதாஸ்.

மோகனன் அதை வாங்கிப் பார்த்தான். ஜாதகம் பார்க்கும் அந்த மென்பொருளை எழுதியவனே அவன்தான். பாறசாலையில் ஒரு வாடகை அறையில், ஒற்றை ஆளாக, கண் எரிய எரிய எழுதியது. அது இப்போது அவனுக்குப் பிரசீதா கிடையாது என்கிறது. பிரசீதா இல்லாமல் அவனுக்கு ஒன்றுமே கிடையாது.

"எங்க பாத்தீங்க மாமா?"

"வெள்ளறடை ஜங்ஷன்லதான். தனுவச்சபுரத்துல போய்ப் பாக்கச் சொல்லி பிரசீதா சொன்னா. பக்கத்துல கட இருக்கும்போ பஸ்ஸுக்கு எதுக்கு நிக்கணும்?"

மோகனனுக்கு விளங்கிவிட்டது. அவன் விற்றது ஒரே பிரதி, தனுவச்சபுரம் கம்ப்யூட்டர் சென்டருக்கு. அங்கே பாடம் நடத்துகிறவள் பிரசீதா. ஒரு காலையில் சொல்லிக்கொடுத்து முடிக்க வேண்டியதை மாதக்கணக்கில் போய்ப்போய்ச் சொல்லிக்கொடுத்தான். தன் சாமர்த்தியத்தையும் அவளிடம் பீற்றிக்கொண்டான். மென்பொருள் இருக்கும் பிளாப்பியை யாராவது நகலெடுத்தால், அந்த நகல் எந்த ஜாதகத்துக்கும் 'பொருத்தம் இல்லை' என்றே சொல்லும். அப்படி ஒரு பூட்டு!

இருந்தும் எவனோ நகலெடுத்துவிட்டான். வெள்ளறடை முதல் காட்டாக்கடை வரை அது பரவிவிட்டது. கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், பொருத்தம் இல்லையென்றால் ஆட்கள் அடுத்த ஜாதகத்தோடு திரும்ப வருவார்களே. "கறாரான மெஷினாக்கும்" என்று பெயர் வேறு.

"அது கள்ளக் காப்பி மாமா. ஒரிஜினல் எங்கிட்ட உண்டு. வாங்க!"

விஜயதாஸை அதே கடைக்கு இழுத்துப்போய்த் தன் பிளாப்பியைப் போட்டுக் காட்டினான். உத்தமம் என்று வந்தது. அவர் வீடு வரும்வரை சிரித்தார்.

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. உனக்க பிளாப்பி உனக்கு உத்தமம்னுதானே சொல்லும்?"

வேறு வழியில்லாமல் பூட்டின் இரகசியத்தை உடைத்தான். வினை அங்கேதான் முற்றியது.

"எலே! அப்ப எனக்க மவளுக்கு வந்த சம்பந்தமெல்லாம் தட்டிப்போனது உன்னாலயாக்கும்? பேங்குக்காரன், வாத்தியாரு, கல்ஃப்காரன், எல்லாம் அந்தக் கடையிலதான் பாத்தேன்! எறங்குலே வெளிய!"

"என்னால இல்ல மாமா, காப்பி எடுத்த கள்ளனால! எனக்க பொழப்பையும் கெடுத்து, கல்யாணத்தையும் கெடுத்தானே பாவி. அவன் மட்டும் கையில கிட்டட்டும்..."

பிரசீதாவின் அம்மா ஓமனா சாயாவைக் கொண்டுவந்து மோகனன் முன்னால் வைத்தாள்.

"கள்ளன் இல்ல மக்கா, கள்ளியாக்கும், வந்த மாப்பிளமாரையெல்லாம் ஓட்டணும்னு பிளாப்பிய காப்பி எடுத்து அந்தக் கடையில கொண்டு குடுத்தவ, அடுக்களையில உனக்குத்தான் ஏத்தக்கா அப்பம் சுடுதா."