பெர்னார்ட் கலந்த கலரு

மகளின் வருசப் பூசைக்குள் அவள் படத்துக்குக் கலர் போட்டே தீருவது என்று பெர்னார்ட் முடிவு கட்டினார். முடிவு கட்டியதோடு நிற்காமல் அதை மனைவி தெரேசாவிடம் சொல்லியும் தொலைத்தார். அங்கேதான் வந்தது வினை.

"நீங்களா?" என்றாள் தெரேசா.

"பின்னே? பினாங்கு ரோட்டுல என்னை விட்டா போட்டோவுக்குக் கலர் போட யாரு இருக்கா?"

"அதாங்க பயமா இருக்கு."

பயம் நியாயம்தான். பெர்னார்டுக்கு ஸ்டூடியோவில் வேலையே, கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களுக்குக் கலர் ஏற்றுவது. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சாயத்தைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். அவர் கை பட்டால் போதும், ஊரே வெளுத்துவிடும். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் முனுசாமி, படத்தில் கவர்னருக்குத் தம்பி மாதிரி உட்கார்ந்திருந்தான். அதை ஊருக்கு அனுப்பினால், "படம் வந்துச்சு, என் மவன் எங்கே?" என்று அவன் தாய் கேட்டாளாம்!

ஆனால் இது ஐரீன் படம். எட்டு வயதுப் பிள்ளை. போன வருசம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். மாதா கோயிலில் முதன்முதலாகப் புதுநன்மை வாங்கிய அன்று எடுத்த இந்த ஒரு படம்தான் மிச்சம். வெள்ளைக் கவுன், வெள்ளை முக்காடு, வெள்ளைக் கையுறை. போதாக்குறைக்கு, படத்தில் பளிச்சென்று விழட்டும் என்று பெர்னார்டே அன்று பிள்ளை முகத்தில் பவுடரை அப்பியிருந்தார். "அப்பா, மூக்குல போயிருச்சு" என்று அவள் தும்மியது இன்னும் அவர் காதில் இருக்கிறது. படத்தில் பவுடர் இருந்தது. பிள்ளையின் நிறம் இல்லை.

அவரும் போட்டார். உயிரைக் கொடுத்துப் போட்டார். சாயங்காலம் கொண்டுவந்து நீட்டினார். தெரேசா வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"யாரு வீட்டுப் புள்ளைங்க இது?"

"என்னம்மா இது! நம்ம ஐரீன்தான்லா."

"நம்ம ஐரீன் கறுப்புங்க."

"லேசா ஒரு சுத்து ஏத்திக் காட்டுனேன். அவ்ளோதான்."

"எதுக்கு ஏத்தணும்? என் புள்ளைக்கு என்னங்க குறைச்சல்?"

பெர்னார்ட் மறுநாள் ஸ்டூடியோவில் டர்பன்டைனைத் தொட்டுக் கலரைத் துடைத்தார். துடைக்கும்போதுதான் சிக்கல் புரிந்தது. சரி, கறுப்பு. எந்தக் கறுப்பு? கறுப்பு ஒரே கலரா என்ன? ஒருத்தர் கறுப்பில் மஞ்சள் ஓடும், ஒருத்தர் கறுப்பில் சிவப்பு ஓடும். கலர் கொஞ்சம் கூடினால் பொம்மை. கொஞ்சம் குறைந்தால்... குறைந்தால் எப்படி இருக்கும் என்று அவர் போன வருசமே பெட்டிக்குள் பார்த்துவிட்டார். ஊரார் நிறமெல்லாம் கைக்கு வருகிறது, பெற்ற பிள்ளையின் நிறம் நினைவுக்கு வரவில்லையே! அடப்பாவி, என்ன அப்பன் நீ என்று தன்னையே திட்டிக்கொண்டு, கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அழுதார்.

அழுது முடித்ததும் ஒரு யோசனை உதித்தது. ஐரீன் தாயைக் கொண்டவள். அதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. வீட்டில் சிவப்பு அவர் ஒருத்தர்தானே! அத்தாட்சி வேண்டுமா? கூடத்தில் மாட்டியிருக்கிற கல்யாணப் படத்தைப் பாருங்கள். அதில் பெர்னார்ட் உரித்த உருளைக்கிழங்கு மாதிரி நிற்பார். கலர் போட்டது யார் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆக, தெரேசாவின் கையை நல்ல வெயிலில் வைத்துப் பார்த்து அதே கலரைக் கலந்துவிட்டால் போதும். ஆனால் கையைக் காட்டு என்று எந்த வாயால் கேட்பது? அதே கல்யாணப் படத்தில் அவளையும் கேட்காமல் வெளுத்துவிட்ட மனுசன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. தந்திரமாகத்தான் போக வேண்டும்.

மறுநாள் காலை, வீட்டுப் பின்னால் பைப்படியில் மீன் ஆய உட்கார்ந்த தெரேசாவிடம் போய் நின்றார்.

"எந்திரிம்மா. நான் ஆயுறேன்."

"யாரு? நீங்க?"

"உனக்கு முட்டி வலின்னு சொன்னேல்ல? அந்த முக்காலியில உக்காரு. இல்ல, அங்க இல்ல. இப்படி வெயில்ல. வெயில் முட்டிக்கு நல்லதுலா."

தெரேசா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

"முழுக்கைச் சட்டையோட மீன் ஆயுவாங்களா? மடிங்க. நாத்தத்தைத் துவைக்கிறது நான்தானே."

மடித்தார்.

"இன்னும் மேல."

முழங்கைக்கு மேலே ஏற்றினார். ஸ்டூடியோவுக்கு முகத்தில் பவுடரும், மேலே கோட்டும், பொத்தான் போட்ட சட்டைக் கையுமாகப் போகிறவர் அவர். அந்தக் கைகள் வெயில் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கெம்போங் மீனைச் செதில் செதிலாகச் சுரண்டிக்கொண்டே ஓரக்கண்ணால் தெரேசாவின் கையைப் பார்த்தார். பழுப்பு ஒரு பங்கு, மஞ்சள் கொஞ்சம், நிழல் விழும் இடத்தில் துளி நீலம். ஆகா, மாட்டினாள் என்று மனசுக்குள் துள்ளினார்.

அன்றோடு முடியவில்லை. கலர் பிடிபட வேண்டுமே! தினமும் பசாரிலிருந்து மீன் வந்தது, தினமும் இவர் ஆய்ந்தார். தெரேசாவும் மறுப்பே சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டு வள்ளியம்மா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, அக்கா சம்பளம் எவ்ளோ குடுக்குது?"

"சோறு போடுதுலா!" என்றார் பெர்னார்ட். சிரிக்கட்டும், சிரிக்கட்டும், வெற்றி யாருக்கென்று பிறகு பார்ப்போம் என்று இருந்தார்.

பூசைக்கு முதல் நாள் மத்தியானமே படத்தை முடித்துவிட்டார். இந்தத் தடவை வெளுக்காமல், தெரேசாவின் கையில் பார்த்த கலரையே போட்டிருந்தார். வெயில் இறங்குவதற்குள் வீட்டுக்கு ஓடிவந்தார். தெரேசா படத்தை வாங்கினாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கட்டியது.

"என்னம்மா? சரியா வந்துருச்சா?"

"நல்லாப் போட்டிருக்கீங்க."

"அப்பாடா!"

"ஆனா இது நானுங்க. என் கலரு. புள்ள கலரு இல்ல."

பெர்னார்ட் படத்தை எட்டிப் பார்த்தார். "அப்போ புள்ள யாரு கலரு?"

தெரேசா அவர் கோட்டைக் கழற்றினாள். சட்டைக் கைப் பொத்தானை அவிழ்த்து, முழங்கைக்கு மேல் மடித்து, அந்தக் கையை இழுத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இந்தக் கலரு."

"என் கலரா? நான் செவப்பு..."

"நீங்க என்னைவிடக் கறுப்புங்க. உள்ள சிவப்பு ஓடுற கறுப்பு. அப்படியே அவ கலரு. சொன்னா ஒத்துக்குவீங்களா? படத்துல தொரையாகிப்போன ஆளு நீங்க."

பெர்னார்ட் தன் கையைப் பார்த்தார். தன் கையை அவர் ஒழுங்காகப் பார்ப்பதே அன்றுதான். முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. பவுடர் இல்லாத ஐரீன், குழாயடியில் கை கழுவ நீட்டின கையோடு, அந்த நிறத்தில் இருந்தாள். "ஐயோ, என் தங்கம்! உனக்குப் போய்ப் பவுடர் போட்டேனே" என்று வாய்விட்டு அழுதார். தெரேசாவும் அழுதாள்.

அழுகையோடு அழுகையாக அவருக்கு ஒன்று உறைத்தது.

"அப்போ... நான் உன் கையைப் பாக்கத்தான் மீன் ஆயுறேன்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே தெரியும்."

"பின்ன ஏன் தெனமும் வந்து உக்காந்தே?"

"நீங்க என் கையைப் பாத்தீங்க. நான் உங்க கையைப் பாத்துக்கிட்டு இருந்தேன். அவ போனதுக்கப்புறம் அந்தக் கலரை வேற எங்கங்க நான் பாக்குறது?"

வெளிச்சம் போவதற்குள் அவர் படத்தோடு ஸ்டூடியோவுக்கு ஓடி, பழைய கலரைத் துடைத்து, இடது கையைப் பார்த்து வலது கையால் போட்டார். மறுநாள் பூசை முடிந்து வந்து கூடத்தில் மாட்டினார்கள். ஐரீன் ஐரீனாகவே இருந்தாள். தெரேசா மெழுகுவர்த்தியைக் கொளுத்திவிட்டு வெகு நேரம் அங்கேயே நின்றாள்.

பெர்னார்ட் மெல்லப் பேச்சை எடுத்தார். "அதான் படத்துல கலரு வந்துருச்சே. இனிமே மீனை நீயே ஆயலாம்லா?"

"படம் சுவத்துல இருக்கட்டும்" என்றாள் தெரேசா. "நீங்க சட்டைக் கையை மடிங்க."