சைலன்சருக்கு ஸ்பீடு குறையக் கூடாது

பெங்களூருக்கு ஹார்ட்கோர் பங்க் என்கிற வெள்ளைக்காரக் கத்தல் பாட்டைக் கொண்டுவந்தவனே நான்தான். பொய். அந்தப் பேரையே எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் சைலன்சர். நான் கொண்டுவந்தது ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும்.

தொண்ணூறுகளில் சிவாஜிநகரில் டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தேன். இவனை ரிப்பேர் பண்ண முடியாது என்று மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை அனுப்பிவிட்டதால் வந்த தொழில். சைலன்சர் பக்கத்துத் துணிக்கடையில் துணி மடிக்கிறவன். அல்சூரிலிருந்து பஸ்ஸில் வருவான். வாயைத் திறக்க மாட்டான், அதனால் அந்தப் பேர். அம்மா செத்தபோதுகூட அவன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று தெருவே பேசியது.

அதற்கப்புறம் எவனோ காலேஜ் பையன் அவனுக்கு அந்தப் பங்க் பாட்டை ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்திருக்கிறான். சைலன்சர் ஆளே மாறிவிட்டான். தலையில் இரண்டு பக்கமும் மழித்து நடுவில் மட்டும் முடியை நிறுத்தினான். வேளாங்கண்ணி மொட்டையைப் பாதியில் விட்டுவிட்டான் என்று சர்ச்சில் பேச்சு. சட்டை முழுக்க சேஃப்டி பின் குத்திக்கொண்டு பஸ் ஏறுவான். புடவை கட்டிய அம்மாக்கள் ஆளுக்கொன்று கேட்டு வாங்கி, சிவாஜிநகர் வருவதற்குள் அதை வெறும் சட்டையாக்கிவிடுவார்கள். அவனும் பேசாமல் கழற்றிக் கொடுப்பான்.

ஒருநாள் காதில் வாக்மேனோடு என் கடையில் குதித்தான். தலையை ஆட்டிய ஆட்டத்தைப் பார்த்த எதிர் டீக்கடைக்காரர், வலிப்பு என்று முடிவு கட்டி, ஓடிவந்து அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். பாட்டு முடியும்வரை சாவியோடு குதித்துவிட்டு அதை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தான். அவனைப் பிழைக்க வைத்தது தான்தான் என்று அவர் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் குதியில் வாக்மேனுக்குள் டேப்பைச் சுற்றுகிற ரப்பர் பெல்ட் அறுந்தது. என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். அவன் போனதும் அவன் அக்கா வந்தார்.

“இனி ரிப்பேர் ஆகாதுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்கண்ணே. எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன். இதக் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் புடிச்சுடும்.”

சரி என்றேன். ஆனால் என் கை என் பேச்சைக் கேட்காது. சாயங்காலம் இரண்டு பேரும் வந்து நின்றபோது பெல்ட்டை மாட்டி முடித்திருந்தேன். அக்கா முறைத்தார்.

போட்டுப் பார்த்தேன். மிக்ஸிக்குள் கரண்டி விழுந்த சத்தம். மோட்டார் தறிகெட்டு ஓடுகிறது என்று நினைத்து, ஸ்பீடைக் கூட்டிக் குறைக்கிற ஸ்க்ரூவைத் திருகி நிதானமாக்கினேன். பாடுகிறவன் கன்றைத் தொலைத்த எருமை மாதிரி இழுத்தான். என் வேலை எனக்கே பிடித்திருந்தது.

சைலன்சர் காதில் வைத்தான். முகம் கோணிவிட்டது. அவன் வாயிலிருந்து முழுசாக ஒரு பேச்சை அப்போதுதான் கேட்டேன்.

“ஸ்பீடா வைங்கண்ணே. ஸ்லோ பண்ணா அவன் அழுவுறது தெரியுது.”

அக்கா ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தார். இங்கிலீஷ் அவருக்கும் எனக்கும் ஒரே அளவுதான். இருந்தும் ரொம்ப நேரம் கேட்டார்.

“இவனாவது கத்துறான். நீயும் கத்தித் தொலையேன்டா.”

கத்தினான். அம்மா என்று ஒரே வார்த்தை. மார்க்கெட் திரும்பிப் பார்த்தது. டீக்கடைக்காரர் சாவிக்கொத்தோடு ஓடிவந்து பாதி வழியில் நின்றுவிட்டார். அக்கா அவனைப் பிடித்துக்கொண்டார். நான் குனிந்து ஸ்க்ரூவைப் பழையபடி திருகினேன். அதற்கப்புறம் அக்கா என்னிடம் வந்து...

இருங்கள், கீழே தெருவில் நின்று ஒருத்தன் என் பேரைக் கத்துகிறான். சைலன்சர்தான், வேறு யார். எங்கள் வீட்டு காலிங் பெல் கெட்டு ரெண்டு வருஷமாகிறது. அவன் கத்திக் கூப்பிடட்டும் என்றுதான் நான் அதில் கை வைக்கவில்லை.