அவர் துடைத்துவைத்த செஸ் பலகை

நெய்வேலி
பங்குனி மாதம், 1964

அன்புள்ள தம்பி அய்யனாருக்கு அக்கா விருத்தாம்பாள் எழுதுவது. நீயும் உன் பெண்டாட்டி செங்கமலமும் பிள்ளைகளும் முந்திரித் தோப்பும் நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். என் நலத்தைக் கேட்காதே, உன் மாமா போன வீட்டில் என்ன நலம். வலது கை விரலெல்லாம் கொப்புளம். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கு நான் காரணம் இல்லை, நீ அனுப்பிய எண்ணெய்தான் காரணம்.

நேற்று நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பலகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உன் மாமாவுடைய செஸ் பலகையை நீ பார்த்திருக்கிறாய். சுரங்கத்திலிருந்து ஷிப்ட் முடிந்து வந்தால் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் துடைப்பார். காய்ந்த துணியில் துளி மெழுகைத் தொட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருப்பார். என் தலையில் பூ இருக்கிறதா என்று ஒருநாள் பார்த்ததில்லை, பலகையில் கீறல் விழுந்தால் அவருக்குச் சோறு இறங்காது. அவரோடு ஆடுவதற்குத் தினமும் சாயங்காலம் சங்கரலிங்கம் வருவார். அடுத்த பிளாக், திருநெல்வேலிக்காரர், அதே ஷிப்ட். கருமாதி முடிந்து பந்தல்கூடப் பிரிக்கவில்லை, அந்த மனுஷன் வாசலில் வந்து நின்று, செருப்பைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். பிறகு, "மதினி, அந்தப் பலகைய நான் எடுத்துட்டுப் போவட்டுமா" என்றார். ஆள் போன வீட்டில் வந்து பொருளைக் கேட்பாரா ஒருத்தர்.

"அது எங்க வூட்டு ஆளு கை பட்ட பொருளுங்க. நான் குடுக்கறதா இல்ல" என்றேன்.

"சரி மதினி. ஆனா அதப் பக்குவமா வச்சுக்கிடணும். தண்ணி ஆகாது, வெயிலும் ஆகாது. பாலிசு போயிரக் கூடாது."

"புருசன பக்குவமா வச்சிகினு இருந்தவ, ஒரு பலகைய வச்சிக்க மாட்டேனா."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வாராவாரம் வந்தார். துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்து பலகையை விசாரித்துவிட்டுப் போனார். பளபளப்பு குறைந்தால் தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் வருகிறார் என்று எனக்குப் பட்டது. அதனால் அவர் சொன்ன எதையும் நான் நம்பவில்லை.

சாவு வீட்டில் கழுவாத பொருளை எப்படி வைத்துக்கொள்வது, நீயே சொல். அரிசி மூட்டையைத் தவிர எல்லாவற்றையும் கழுவினேன், பலகையையும் சிகைக்காய் போட்டு மேலாகத் துடைத்தேன். மறுநாள் அதன்மேல் தேமல் மாதிரி வெள்ளை பூத்துவிட்டது. ஈரம்தான் என்று வெயிலில் வைத்தேன், ஒரு மூலை தூக்கிக்கொண்டு, காயை வைத்தால் ராஜாவே உருண்டு விழுகிறார். அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தேன், மூலை படிந்தது, பளபளப்பு வரவில்லை. நல்லெண்ணெய் தடவினேன், இந்த ஊர் நிலக்கரித் தூசு அத்தனையும் வந்து ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் உனக்கு எழுதினேன். நீ, கதவுக்கும் உத்தரத்துக்கும் பூசுகிறோமே, கறையான்கூட அண்டாது என்று முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெயை பாட்டிலில் ஊற்றி அனுப்பினாய். பட்டால் தோல் வெந்துபோகும் என்று கையில் சாம்பலைத் தடவிக்கொண்டு ஊரில் செய்வது போலவே பூசினேன். நம் ஊரில் அதை வெயிலில் நாள் கணக்காகக் காயவைப்போம். வெயிலில் வைத்துத்தான் ஒருதரம் பட்டுவிட்டேனே, இதைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். காயவே இல்லை. வெள்ளைக் கட்டம், கறுப்புக் கட்டம் எல்லாம் ஒரே கறுப்பு. பக்கத்து வீட்டு வீரம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, தோசைக்கல்ல ஆணி அடிச்சி மாட்டப் போறியா" என்கிறாள்.

நேற்று சாயங்காலம் சங்கரலிங்கம் வந்தார். மறைக்க நேரம் இல்லை. பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். பலகையை எடுத்து மடியில் வைத்து இரண்டு கையாலும் தடவினார். அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார் தம்பி. அதே கையால் கண்ணைத் துடைத்தார். "அய்யோ தொடாதீங்க, கடிக்கும்" என்று நான் சொல்வதற்குள் மூக்கையும் துடைத்துவிட்டார். இன்றைக்குக் காலையில் அவர் முகம் பலாப்பழம் மாதிரி ஆகிவிட்டதாம், கண் திறக்கவில்லையாம், ஷிப்டுக்குப் போகவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன். வீக்கம் வடிந்ததும் அவர் பலகையைக் கேட்டு வருவார். கறுத்தாலும் கோணினாலும் அது உன் மாமாவுடையது, எனக்கு வேறு என்ன இருக்கிறது. நீ ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து, ஆண்பிள்ளையாக நின்று, எங்கள் அக்கா வீட்டுப் பொருளைக் கேட்பது நியாயமில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போ. முகம் சரியாகியிருந்தால்.

செங்கமலத்துக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உன் மாமா இருந்து சொல்லவேண்டியதையும் சேர்த்து நானே சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்.

இப்படிக்கு, உன் அக்கா
விருத்தாம்பாள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது சங்கரலிங்கத்தின் பெண்டாட்டி காந்திமதி வந்தாள். சண்டைக்கு வந்தாள் என்று நினைத்தேன். உட்கார்ந்து மெதுவாகச் சொல்கிறாள்: "யக்கா, அந்தப் பலகை எங்க அப்பா இவுகளுக்குக் கல்யாணத்துல குடுத்தது. ஒங்க வீட்டு ராசாங்கம் அண்ணன் கைக்குத்தான் பளபளப்பு வருதுன்னு இங்கனயே விட்டு வச்சிருந்தாக. துக்க வீட்டுல போயி எம் பொருளுன்னு எப்படிச் சொல்லுவேன்னு வாய மூடிக்கிட்டாக. இப்பவும் மதினிகிட்டயே இருக்கட்டும்னுதான் சொல்லி விட்டாக." "அப்ப இதுல எங்க வூட்டு ஆளுதுன்னு என்னாதான் இருந்திச்சி" என்று கேட்டேன். "அந்தப் பளபளப்புதான்க்கா" என்றாள்.

அதைத்தானே தம்பி நான் தேய்த்து எடுத்தேன்.

அவள் போனதும் பலகையைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கத்தில் நான் எதுவும் பூசவில்லை. யார் கண்ணிலும் படாத இடம், அங்கேயும் மெழுகு தேய்த்து வழவழ என்று வைத்திருக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை வந்து நியாயம் எதுவும் பேச வேண்டாம். நாளைக்கே நான் கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன். இன்றைக்கு மட்டும் அது இங்கே கவிழ்ந்தபடி இருக்கட்டும்.