சிறுமலையில் நான் உலகத்தை அழித்த கதை

நாவல் எழுதுகிறவனைத் தனியாக வெளியே விடக்கூடாது. என்னை விட்டார்கள். அதன் விளைவை என் மாமனார் குடும்பம் இன்றுவரை அனுபவிக்கிறது.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. திண்டுக்கல்லில் ஒரு விதைக்கடையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் நாவல். நாவலில் உலகம் எரிந்து முடிந்துவிட்டது. தப்பித்த கொஞ்சம் பேர் சிறுமலையில் ஒரு சாமியாரிடம் சிக்கிக்கொள்கிறார்கள். பௌர்ணமிக்கு ஒருவராக அவர்களைக் குழியில் இறக்குகிறார் அவர். (படித்தால் ஈரக்குலை நடுங்கும் என்று நான் மட்டும் நம்பினேன்.) அந்தச் சாமியாரின் பிரசங்கம்தான் சரியாக அமையவில்லை. வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அம்மா அடுப்படியிலிருந்து, "ஏலே, தொண்ட கட்டிருச்சா? மொளகு ரசம் வைக்கவா?" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறுமலைக்கே பஸ் ஏறிவிட்டேன். ஊரைத் தாண்டி ஆளில்லாத ஒரு பாறை. கறுப்புப் போர்வையைப் போர்த்தி, முகமெல்லாம் திருநீறு அப்பிக்கொண்டு (கலைக்காக!) முழங்கினேன்:

"கீழே எல்லாம் முடிந்தது! தோண்டிப் பாருங்கள், சாம்பல்தான் வரும்!"

"சாமீ!" என்று பின்னால் ஓர் அலறல்.

மலைவாழை வாங்க வந்த ஓர் அம்மாள் வாழைத்தாரோடு மண்டியிட்டிருந்தார். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்தக் கோலத்தில் எப்படிச் சொல்வது? அதற்குள் அவர், "ரெண்டு போர் போட்டும் தண்ணி இல்ல சாமி. மூணாவத எங்க போடட்டும்?" என்று கேட்டுவிட்டார். நான் பதறி, அவர் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் கிழக்கே கையைக் காட்டிவிட்டு, அந்தப் பக்கமே ஓடினேன்.

மூன்று வாரம் கழித்து, ரெட்டியார்சத்திரம் பக்கம் ஒரு கிராமத்துக்குப் பெண் பார்க்கப் போனோம். பெண் தேன்மொழி. பார்த்த நிமிஷமே, கட்டினால் இவளைத்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அவளுடைய அம்மா என்னிடம், "காப்பி இன்னுஞ் செத்த ஊத்தவா?" என்றார்.

"போதும்" என்றேன். ஒரே சொல்தான். அவர் கையிலிருந்த செம்பு உருண்டது.

"அந்தக் கொரலு! மலைச்சாமி!"

பெண்ணின் அப்பா துள்ளி எழுந்தார். "இவனா? இவன் கை காட்டுனான்னுதான் கெழக்கு மூலையில போர் போட்டோம். வெறும் புழுதி! வீடெல்லாம் சாம்பலாக் கெடக்கு!"

என் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். கல்யாணம் போச்சு.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்று அந்த அம்மாள் கணவரை அடக்கினார். "தோண்டுனா சாம்பல்தான் வரும்னு சாமி மொதல்லயே சொல்லுச்சு. நாமதான் வெளங்காமத் தோண்டிப்புட்டோம்!"

இனியும் மறைத்துப் பயனில்லை. நாவல், பிரசங்கம், போர்வை எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தேன்மொழி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்குச் சம்மதம்ப்பா" என்றாள். அவள் அப்பாவுக்கு நாற்காலியில் உட்கார்வதைத் தவிர வழியில்லை.

கல்யாணமான மறுவருஷம் நாவல் அச்சாகி வந்தது. முதல் பிரதியோடு அத்தையிடம் போய், பிரசங்கம் இருந்த பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். "பாருங்கத்தை, இம்புட்டும் நானா கற்பனை பண்ணி எழுதுனது. சாமியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அத்தை விரல் வைத்து மெதுவாகப் படித்தார். புத்தகத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமி ஒங்க கையால எழுதவும் செய்யுதா மாப்ள!"

இன்றைக்கும் அது அவர் வீட்டுச் சாமி அலமாரியில் பொட்டோடு இருக்கிறது. மாமனார் மட்டும், தெருவில் போர் வண்டி போனால் உடனே எனக்குப் போன் போடுவார்:

"மாப்ள, கைய மட்டும் பாக்கெட்டுலயே வச்சிக்கிருங்க."