சிறுகதவுக்குக் கீழே ஓர் இடம்

அன்புள்ள தங்கை ஹில்டாவுக்கு,

அண்ணன் எட்வின் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உங்கள் பூனையும் குறையொன்றுமின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குழப்பம் வராமலிருக்க, சொல்லப்போவதை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்:

1. நான் நலம்.
2. வரும் சனிக்கிழமை நிரந்தரமாக உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.
3. புறப்படும் முன் இந்த ஊர் பப்பை ஒருமுறை பார்த்துவிட்டேன்.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இருபது வருடமாக அதன் வாசலைக் கடந்து போயிருக்கிறேனே தவிர உள்ளே போனதில்லை. அங்கே நின்று கேட்டு வாங்கக் கவுண்டர் மேசை கிடையாது என்பார்கள்; எங்கே நிற்பது என்று தெரியாத இடத்துக்கு எப்படிப் போவது என்று தயங்கியே காலம் போய்விட்டது. நேற்று மாலை துணிந்து கதவைத் தள்ளினேன். தேவாலயத்துக்குள் நுழைந்ததுபோல் தொப்பி தானாகவே கைக்கு வந்துவிட்டது, ஹில்டா. இருநூறு வருடப் புகையில் தேன் நிறமாகிவிட்ட கூரை, நடுவில் குழிந்துபோன செங்கல் தரை, ஆளுயர முதுகு வைத்த மர இருக்கைகள், கணப்பில் ஒரே ஒரு கட்டை. யாரும் எதையும் மாற்ற நினைத்தேயிராத ஓர் அறை. மூச்சு விட்டால்கூட எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, காலியாக இருந்த ஒரே இடத்தில், சுவரிலிருந்த சிறுகதவுக்குக் கீழே, உட்கார்ந்தேன். உடனே சிறுகதவு திறந்தது, ஒரு கை பீர்க் குவளையை நீட்டியது. புதியவனுக்கு மரியாதை போலும் என்று நெகிழ்ந்து குடித்தேன். இன்னொன்று வந்தது, மறுத்தால் தவறாக நினைப்பார்களோ என்று அதையும் குடித்தேன். அங்கிருந்தவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை. என்னைப் போலவே அந்த அறையைக் கண்டு வாயடைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மூன்றாவதை வாயருகே கொண்டுபோகையில்தான் செம்மறி வளர்க்கும் பெடோஸ் மெதுவாகச் சொன்னார்:

"வாத்தியாரே, அதுவும் உள்ள போயிடுச்சுன்னா நான் வீட்டுக்குப் போய் டீதான் குடிக்கணும். அந்த எடத்துல ஒக்காந்தா வாங்கிக் கை மாத்தணும்யா."

சிறுகதவு வழியாக, பப்பை நடத்தும் புராசர் அம்மாள் தலையை நீட்டினார்.

"விடுங்கப்பா, பாவம். அங்க ஒக்காந்து கை மாத்திட்டிருந்த டட்ஜ், தன் மக வீட்டோட போனதுலேர்ந்து அந்த எடத்துக்கு ஆளேது? காத்தடிக்குதுன்னு எல்லா மகாராசனும் கணப்புகிட்டயே ஒட்டிக்கிறீங்க. முட்டி தேய நான்தான் சுத்தி வந்து குடுக்குறேன். வர்ற மாசம் இந்தச் செவுத்த இடிச்சுக் கவுண்டர் போட்டுரலாங்கறான் எம் மவன்."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். நான் குவளையைப் பெடோஸிடம் கொடுத்தேன். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. ஒரு துளி சிந்தவில்லை. இத்தனை வருடம் லத்தீன் பாடம் நடத்தியும் என் கையிலிருந்து எதையும் யாரும் இவ்வளவு ஆவலாக வாங்கியதில்லை.

கிளம்பும்போது பெடோஸ் கேட்டார்: "நாளைக்கும் வர்றீங்களா?"

"சனிக்கிழமை தங்கை வீட்டோட போயிடறேன்."

"ம். டட்ஜும் ஒரு சனிக்கிழமதான் போனான்."

ஆகவே எல்லாம் பேசியபடிதான். பெட்டிகள் கட்டியாயிற்று, ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பி வை. ஆண்டவர் உங்கள் இருவரையும், பூனையையும் சேர்த்து, காப்பாராக.

அன்புள்ள அண்ணன்,
எட்வின்

பி.கு.: மாப்பிள்ளை ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். எனக்காக ஒழித்துவைத்த அறையைப் பூனைக்கே கொடுத்துவிடு. முடிந்தால் கம்பளியில் ஒரு கழுத்துத்துண்டு பின்னி அனுப்பு. சிறுகதவுக்குக் கீழே உட்கார்ந்தால் காற்று நேராகப் பிடரியில் அடிக்கிறது. கடிதத்தை மறுபடி படித்துப் பார்த்தேன்; இரண்டாவதாக எழுதியது தவறு.