கிளாஸ் அண்ணையும் ஆத்துமாக்கள் பட்டியலும்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்கைப் பிசாசுகூட அவ்வளவு அலைக்கழித்திருக்காது; கிளாஸ் அண்ணை ஒருவரே போதும். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

வாரநாளில் பேக்கரியில் மா குழைப்பார். ஞாயிறு பிற்பகல் ஆவி கூப்பிடுவார். மிச்சமான சுவர்த்தாளின் பின்புறத்தில் தமிழ் எழுத்து இருநூற்று நாற்பத்தேழையும் எழுதி, சாப்பாட்டு மேசையில் விரித்து, நடுவில் ஒரு கிளாஸைக் கவிழ்த்து வைப்பார். எல்லோரும் விரல் வைத்ததும் அது ஊரத் தொடங்கும். ஓர் ஆவி தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். அதற்கும் முன்கூட்டியே நேரம் கேட்க வேண்டும்.

"டெர்மின் இல்லாமல் உயிரோட இருக்கிறவனையே இந்த நாட்டில பார்க்க ஏலாது. செத்தவனை மட்டும் உடனே கூப்பிடச் சொல்லுறியளோ?" என்பார்.

பூசை முடிந்த கையோடு எங்கள் சனம் அங்கே ஓடியது. "அங்க போறவைக்கு நற்கருணை இல்லை!" என்று பாதர் பிரசங்கத்தில் கத்தினார். அடுத்த ஞாயிறு கிளாஸ் அண்ணையே முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். என்ன துணிச்சல்!

"நான் எங்க பாதரோட போட்டி போடுறன்? அவர் ஆத்துமாவை அனுப்பி வைக்கிறார். நான் சுகம் விசாரிக்கிறன்" என்றார்.

நான் அப்போது பங்குச் செயலாளர். நவம்பரில் வரும் ஆத்துமாக்கள் திருநாளுக்கு, இறந்தவர்களின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பது என் வேலை. றோசா அக்காவின் மகன் போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவன். இத்தனை வருடமாகிவிட்டதே என்று, தாயைக் கேட்காமலே அவன் பெயரையும் சேர்த்து மண்டபத்தில் ஒட்டினேன்.

அக்கா என்னை வாசலில் மறித்தார். "ஆரைக் கேட்டு என்ர பிள்ளையைச் சாக்காட்டினீர்? கிளாஸ் அண்ணை மூண்டு வருசமாக் கூப்பிடுறார். அவன் ஒருக்காலும் வரேல்லை. அப்ப அவன் உயிரோட இருக்கிறான்!"

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே கிளாஸ் அண்ணை வீட்டுக்குப் போனேன். கதவு திறந்ததுமே ஏசத் தொடங்கினேன்.

"உங்கட விரல்தானே கிளாஸைத் தள்ளுது? ஊரில செத்த எல்லாரும் வருகினம், அக்காவின்ர பிள்ளை மட்டும் ஏன் வரேல்லை? அந்த மனிசியை ஏன் ஏமாத்துறியள்?"

அவர் மறுக்கவே இல்லை. "ஓம், நான்தான் தள்ளுறன். அவனைக் கூப்பிடேக்க மட்டும் விரலை அசைக்காமல் வைச்சிருப்பன். தாய் முன்னால இருக்கிறா. பிள்ளை செத்துப்போனான் எண்டு எப்பிடித் தள்ளுறது? உமக்கு எழுத மனம் வந்திட்டுது. எனக்குத் தள்ள மனம் வரேல்லை, தம்பி."

திரும்பிப் போய் அந்தப் பெயரை அழித்தேன். திருநாளன்று பாதர் கடைசிப் பெயரை வாசித்து முடிக்கும்வரை றோசா அக்கா கோட்டின் நுனியைக் கசக்கிக்கொண்டே இருந்தார். பிறகுதான் மூச்சு விட்டார்.

அண்ணை செய்தது பித்தலாட்டம். அதை நான் இன்றுவரை பாதரிடம் சொல்லவில்லை. வேறு யாராவது அவரைப் பித்தலாட்டக்காரர் என்றால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அவரை ஏசுகிற உரிமை எனக்கு மட்டும்தான்.